முதல்நிலை மருத்துவத்தில் ஓமிக்ஸ் பரிசோதனை: எதற்குக் கேட்பது, எப்படிப் படிப்பது, எங்கே பதிவது

ஒருவருடைய மரபணுக்கள், அவற்றிலிருந்து உருவாகும் ஆர்என்ஏ, புரதங்கள், உடலின் வேதிவினைகளில் தோன்றும் சிறு மூலக்கூறுகள், குடலில் வாழும் நுண்ணுயிர்கள் ஆகியவற்றை ஒவ்வொன்றாக அல்லாமல் தொகுதியாக அளக்கும் பரிசோதனைகளுக்கு ஓமிக்ஸ் என்பது பொதுப்பெயர். மனித ஜீனோம் திட்டம் நிறைவடைந்த 2003ஆம் ஆண்டில் பெரிய ஆய்வுக்கூடங்களுக்குள் மட்டும் இருந்த இந்தத் தொழில்நுட்பம், இன்று உமிழ்நீரைச் சிறு குழாயில் அனுப்பி வீட்டிலிருந்தபடியே முடிவைப் பெறும் நிலைக்கு வந்துவிட்டது. ஆகவே குடும்ப மருத்துவரின் மேசைக்கு இரண்டு வகை அறிக்கைகள் வருகின்றன: மருத்துவரே கேட்டுப் பெற்றவை ஒரு வகை, நோயாளி தாமாகச் செய்துகொண்டு, 'இதற்கு என்ன செய்வது?' என்று எடுத்து வருபவை இன்னொரு வகை. இரண்டையும் கையாளும் முறையை, மருத்துவரையும் மருத்துவ உதவியாளரையும் மனத்தில் கொண்டு இங்கே விளக்குகிறேன்.

முதலில் கேள்வி, பிறகு பரிசோதனை

எந்தப் பரிசோதனையையும் எழுதிக் கொடுக்கும் முன், 'முடிவு இப்படி வந்தால் என்ன செய்வேன், அப்படி வந்தால் என்ன செய்வேன்' என்பதை நோயாளியின் குறிப்பேட்டில் இரண்டு வரியாக எழுதிவிட வேண்டும். இரண்டு வரிகளும் ஒன்றாகவே இருந்தால் அந்தப் பரிசோதனை தேவையில்லை. எம்டிஎச்எஃப்ஆர் மரபணுச் சோதனை இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. இரத்தம் உறைதல், கருச்சிதைவு போன்றவற்றுக்காகப் பலரும் கேட்கும் இந்தச் சோதனையின் பொதுவான திரிபுகள் (மரபணுவின் மாறுபட்ட வடிவங்கள்) மக்களில் பெரும்பகுதியினரிடம் இருப்பவை. அவை இருப்பதாகத் தெரிந்தாலும் சிகிச்சை மாறுவதில்லை. அமெரிக்க மருத்துவ மரபியல் கல்லூரி இதனை வழக்கமாகச் செய்ய வேண்டாம் என்று 2013லேயே அறிவுறுத்திவிட்டது.

இந்த விதியைச் சற்று விரித்தே படிக்க வேண்டும், ஏனெனில் 'என்ன செய்வேன்' என்பதில் நோயாளியின் உறவினரும் அடங்குவர். குடும்பவழிக் கொலஸ்ட்ரால் மிகைநோய் ஏறக்குறைய 250 பேரில் ஒருவருக்கு இருக்கிறது. 'கெட்ட கொலஸ்ட்ரால்' எனப்படும் எல்டிஎல் டெசிலிட்டருக்கு 190 மில்லிகிராமைத் தாண்டிய ஒருவருக்கு மரபணு முடிவு எதுவாக இருந்தாலும் கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டேட்டின் கொடுக்கத்தான் போகிறோம். அவர் அளவில் பார்த்தால் சோதனை வீண் என்று தோன்றும். ஆனால் எல்டிஎல்ஆர், ஏபிஓபி, பிசிஎஸ்கே9 ஆகிய மரபணுக்களுள் ஒன்றில் நோய்த் திரிபு உறுதியானால், அவருடைய பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் அது இருக்கும் வாய்ப்பு 50 சதவீதம். அவர்களை வரிசையாகச் சோதித்து, மாரடைப்பு வருவதற்குப் பல்லாண்டு முன்பே சிகிச்சையைத் தொடங்க முடியும். அதே வேளையில், திரிபு கிடைக்கவில்லை என்பதற்காக மருந்தை நிறுத்திவிடக் கூடாது; அங்கே சிகிச்சையைத் தீர்மானிப்பது எல்டிஎல் அளவுதான்.

மூன்று தலைமுறை வரைபடம்

செலவே இல்லாத முதல் மரபணுப் பரிசோதனை குடும்ப வரலாறு. பலர் 'அப்பாவுக்குச் சர்க்கரை, அம்மாவுக்கு இரத்த அழுத்தம்' என்ற அளவில் அதை முடித்துவிடுகிறார்கள். அது போதாது. தாய்வழி, தந்தைவழி இரண்டிலும் மூன்று தலைமுறைக்கு வரைபடம் போட்டு, நோயின் பெயரோடு அது எந்த வயதில் வந்தது என்பதையும், மரணத்தின் காரணத்தையும், இரத்த உறவுத் திருமணம் உண்டா என்பதையும் குறிக்க வேண்டும். வயதுதான் இதில் முக்கியமான செய்தி: 75 வயதில் வந்த மார்பகப் புற்றுநோயும் 38 வயதில் வந்ததும் ஒரே எடை உடையவை அல்ல. நோயாளி முதல் தடவை பாதிதான் சொல்வார். ஒரு படிவத்தைக் கொடுத்து வீட்டில் பெரியவர்களிடம் கேட்டு நிரப்பி வரச் சொன்னால் மீதி வந்துவிடும்.

இளம் வயதில் மார்பகப் புற்றுநோய், எந்த வயதிலும் சூலகப் புற்றுநோய், ஆணுக்கு மார்பகப் புற்றுநோய் ஆகியவை குடும்பத்தில் இருந்தால் பிஆர்சிஏ1, பிஆர்சிஏ2 உள்ளிட்ட மரபணுக்களை நினைக்க வேண்டும். ஒரே பக்க உறவினர் பலருக்கு 50 வயதுக்கு முன் பெருங்குடல் புற்றுநோயோ கருப்பை உட்சுவர்ப் புற்றுநோயோ வந்திருந்தால் இப்புற்றுநோய்கள் பரம்பரையாக வரக் காரணமான லிஞ்ச் நோய்த்தொகுதி நினைவுக்கு வர வேண்டும். அது உறுதியானவர்களுக்குப் பெருங்குடல் அகநோக்கிச் சோதனையை 1 அல்லது 2 ஆண்டுக்கு ஒருமுறை செய்வதால் புற்றுநோயைத் தொடக்கத்திலேயே பிடிக்கலாம். இத்தகைய குடும்பங்களில் கூடுமானவரை நோய் வந்தவரையே முதலில் சோதிக்க வேண்டும். நோயில்லாத மகளை மட்டும் சோதித்து ஒன்றும் கிடைக்கவில்லை என்றால், அவர் தாயின் திரிபைப் பெறாமல் தப்பினாரா, அல்லது அந்தக் குடும்பத்தின் காரணம் நாம் தேடிய மரபணுக்களில் இல்லையா என்று பிரித்தறிய வழியில்லை.

நீரிழிவிலும் இந்த வரைபடம் உதவும், இங்கே அதன் பயன் பலர் நினைப்பதைவிட அதிகம். 25 வயதுக்கு முன் நீரிழிவு தொடங்கியவர், உடல் பருமன் இல்லாதவர், இன்சுலின் சுரக்கும் செல்களுக்கு எதிராக உடலே உண்டாக்கும் தன்னெதிர்ப்புப் பொருள்கள் இரத்தத்தில் இல்லாதவர், தலைமுறைதோறும் நீரிழிவு உள்ள குடும்பத்தைச் சேர்ந்தவர் என்றால் ஒற்றை மரபணு நீரிழிவைச் சந்தேகிக்கலாம். காரணம் எச்என்எஃப்1ஏ மரபணுவில் இருந்தால், குறைந்த அளவு சல்ஃபோனைல்யூரியா மாத்திரை நன்றாக வேலை செய்யும். முதல் வகை நீரிழிவு என்று கருதி இன்சுலினில் வைக்கப்பட்டிருந்த சிலர் அதிலிருந்து மாத்திரைக்கு மாற முடிந்திருக்கிறது. காரணம் ஜிசிகே மரபணுவில் இருந்தால், வெறும் வயிற்றுச் சர்க்கரை காலமெல்லாம் இலேசாக உயர்ந்தே நிற்கும். கர்ப்ப காலம் தவிர மற்ற நேரங்களில் மருந்தே தேவைப்படாது. ஒரே பரிசோதனை ஒருவருக்கு ஊசியையும் இன்னொருவருக்கு மாத்திரையையும் நிறுத்த வழிசெய்கிறது என்பதால், ஓமிக்ஸ் பற்றிச் சந்தேகம் உள்ள மருத்துவர்களிடம் நான் முதலில் காட்டும் எடுத்துக்காட்டு இதுவே.

மருந்து மரபியலில் தொடங்குவது நல்லது

ஒரு மருத்துவமனை ஓமிக்ஸை இப்போதுதான் தொடங்குகிறது என்றால், மரபணுவைப் பார்த்து மருந்தையும் அதன் அளவையும் தேர்ந்தெடுக்கும் மருந்து மரபியலைத்தான் பரிந்துரைப்பேன். முதல்நிலை மருத்துவத்தின் அன்றாட வேலை மருந்தெழுதுவது. இங்கே முடிவு நேராகச் சீட்டில் இறங்குகிறது. மேலும் 'உங்களுக்கு இந்த நோய் வரும்' என்ற கனமான செய்தியைச் சொல்ல வேண்டிய தேவையும் பெரும்பாலும் இல்லை.

இரத்தக்கட்டியைத் தடுக்கும் மருந்தான குளோபிடோக்ரெல் உடலுக்குள் போனதும் அப்படியே செயல்படாது. கல்லீரலில் முக்கியமாக சிஒய்பி2சி19 என்ற நொதியால் மாற்றப்பட்ட பின்புதான் செயல்படும். அந்த நொதி செயலிழந்த வடிவங்களைப் பெற்றவர்களுக்கு, இதய இரத்தக் குழாயில் ஸ்டென்ட் வைத்த பிறகு மருந்தைத் தவறாமல் விழுங்கினாலும் இரத்தக்கட்டி உண்டாகும் ஆபத்து கூடும். இதற்காக அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2010இல் அந்த மருந்தின் உறையில் கட்டமிட்ட எச்சரிக்கையைச் சேர்த்தது. இந்த வடிவங்கள் ஐரோப்பியரைவிடக் கிழக்காசிய, தெற்காசிய மக்களிடையே அதிகம். முடிவு அப்படி வந்தால், தடை வேறெதுவும் இல்லாத நிலையில், அதே வேலையைச் செய்யும் பிராசுக்ரெல் அல்லது டிகாக்ரெலோர் குறித்து இதயநோய் மருத்துவரிடம் பேச வேண்டும். அதே நொதிதான் மனச்சோர்வு மருந்தான சிட்டலோபிராமையும் சிதைக்கிறது. நொதி வேலை செய்யாதவர்களுக்கு அந்த மருந்தின் உச்ச அளவு நாளொன்றுக்கு 20 மில்லிகிராம்.

வலிமருந்தான கோடீனின் கதை வேறு. சிஒய்பி2டி6 நொதி அதை மார்ஃபினாக மாற்றுகிறது. நொதி இல்லாதவருக்கு வலி குறையாது. 'எனக்கு அந்த மாத்திரை கேட்கவே இல்லை' என்பவரைப் பலமுறை நாம் தவறாக எடைபோடுகிறோம். அந்த மரபணு கூடுதல் படிகளாக இருப்பவருக்கோ மார்ஃபின் மளமளவென்று உருவாகி மூச்சு மந்தமாகலாம். 12 வயதுக்குட்பட்டோருக்கு வலி நீக்க கோடீனும் டிரமடாலும் கூடாது என்று 2017இல் அமெரிக்காவில் தடை வந்ததற்கு இந்த ஆபத்தே காரணம்.

தோல் உரிந்து உயிரைப் பறிக்கக்கூடிய ஸ்டீவன்ஸ் ஜான்சன் நோய்த்தொகுதியைத் தவிர்க்கும் இரண்டு சோதனைகளைத் தனியாக நினைவில் வைக்க வேண்டும். வலிப்பு மருந்தான கார்பமாசெபைன் தொடங்கும் முன், ஆசிய வம்சாவளியினருக்கு எச்எல்ஏ-பி*15:02 என்ற மரபணு வடிவம் உண்டா என்று பார்க்க வேண்டும். யூரிக் அமிலம் படிந்து வரும் மூட்டுவாதத்துக்கு (கௌட்) அலோப்யூரினால் தொடங்கும் முன், ஹான் சீனர், கொரியர், தாய்லாந்து நாட்டவர் போன்ற அதிக ஆபத்துள்ள மக்களுக்கு எச்எல்ஏ-பி*58:01 பார்க்க வேண்டும். இந்த ஒவ்வாமை பெரும்பாலும் மருந்து தொடங்கிய முதல் சில மாதங்களுக்குள் வருவது. ஆண்டுக்கணக்கில் கார்பமாசெபைனைத் தொந்தரவின்றிச் சாப்பிடுகிறவரிடம் இப்போது நேர்மறை முடிவு வந்தாலும் அவசரப்பட்டு நிறுத்தத் தேவையில்லை.

தேவை வரும்போது ஒவ்வொன்றாகச் சோதிப்பதா, ஒரேயடியாக ஒரு தொகுப்பைச் சோதித்து வைத்துக்கொள்வதா என்பது அடுத்த கேள்வி. ஐரோப்பாவின் ஏழு நாடுகளில் நடந்து 2023இல் லான்செட் இதழில் வெளியான பிரிபேர் ஆய்வு, 12 மரபணுத் தொகுப்பை முன்கூட்டியே பார்த்து மருந்தெழுதியபோது குறிப்பிடத்தக்க பக்கவிளைவுகள் ஏறக்குறைய 30 சதவீதம் குறைந்ததைக் காட்டியது. மருத்துவருக்கும் நோயாளிக்கும் யார் எந்தப் பிரிவில் இருக்கிறார் என்று தெரிந்தே நடந்த ஆய்வு அது என்பதால், அந்த எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ளாமல் சற்றுக் குறைத்தே மதிப்பிடுகிறேன். ஆயினும் பல மருந்துகள் சாப்பிடும் முதியவர், மனச்சோர்வு மருந்து இரண்டு பலனளிக்காதவர், விளங்காத பக்கவிளைவு பெற்றவர் ஆகியோருக்குத் தொகுப்புச் சோதனை பொருத்தமானதே. எந்த மரபணுவுக்கு எந்த மருந்தில் என்ன மாற்றம் என்பதற்கு மருந்து மரபியல் வழிகாட்டுதல் கூட்டமைப்பான சிபிஐசி, டச்சு மருந்து மரபியல் குழு ஆகிய இரண்டும் இலவசமாக வெளியிடும் வழிகாட்டுதல்களைப் பாருங்கள். ஆய்வகம் அச்சிட்டுத் தரும் சிவப்பு, மஞ்சள், பச்சை அட்டவணையை மட்டும் நம்ப வேண்டாம்.

அறிக்கை சொல்லாத மூன்று செய்திகளையும் மருத்துவரே சேர்த்துப் படிக்க வேண்டும். முதலாவது, மரபணு இயல்பாக இருந்தாலும் உடன் உட்கொள்ளும் மருந்து நொதியை முடக்கலாம்: ஃப்ளூஆக்செடின், பராக்செடின் என்ற மனச்சோர்வு மருந்துகளைச் சாப்பிடுகிறவரின் சிஒய்பி2டி6, அறிக்கையில் 'இயல்பு' என்றிருந்தாலும் நடைமுறையில் செயலிழந்ததற்கு ஒப்பானது, குளோபிடோக்ரெலோடு வயிற்று அமிலத்தைக் குறைக்கும் ஓமெப்ரசோலைத் தவிர்க்கச் சொல்வதும் இதே காரணத்தால். இரண்டாவது, 'இயல்பு' என்பதைக் குறிக்கும் *1 என்ற குறியீடு, ஆய்வகம் தேடிய திரிபுகள் எதுவும் கிடைக்கவில்லை என்பதையே சொல்கிறது, தேடாதவை இருக்கக்கூடும். மூன்றாவது, பிறருடைய எலும்பு மஜ்ஜையைப் பெற்றவரின் இரத்தத்தில் கொடையாளரின் மரபணுவே தென்படும். கல்லீரல் மாற்றப்பட்டவருக்கு மருந்தைச் சிதைக்கும் உறுப்பே கொடையாளருடையது. இவர்களுக்கு வழக்கமான அறிக்கை பொருந்தாது.

மாதிரியும் ஆய்வகமும்

பிறவியில் பெற்ற மரபணு வரிசை மாறாது. அதை எந்த நாளிலும் எடுக்கலாம், ஒருமுறை போதும். உமிழ்நீராக இருந்தால் அரை மணி நேரம் உண்ணாமல், குடிக்காமல், புகைக்காமல் இருந்தால் சரி. ஆர்என்ஏ, புரதம், வளர்சிதை மாற்ற மூலக்கூறுகள் அப்படியல்ல: உண்ட உணவு, எடுத்த நேரம், காய்ச்சல், மருந்து, மாதிரி குளிர்பெட்டியை அடைய எடுத்துக்கொண்ட நேரம் என எல்லாமே எண்ணை மாற்றும். அவற்றை ஒருமுறை அளந்து ஒரு மனிதரைப் பற்றி முடிவு கட்டக் கூடாது.

ஆய்வகத்தைத் தேர்ந்தெடுக்கும்போது மருத்துவ ஆய்வகங்களுக்கான ஐஎஸ்ஓ 15189 போன்ற தரச்சான்று உண்டா, எந்தெந்தத் திரிபுகளைத் தேடுகிறார்கள், சிஒய்பி2டி6 மரபணுவின் படிகளை எண்ணுகிறார்களா, முடிவை விளக்க மரபியல் வல்லுநர் பேசுவாரா என்று எழுத்தில் கேட்டுப் பெற வேண்டும். வீட்டுச் சோதனைகள் பலவும் பயன்படுத்தும், முன்கூட்டியே தேர்ந்த இடங்களை மட்டும் பார்க்கும் சில்லு முறை, பரவலாகக் காணப்படும் திரிபுகளுக்குப் பொருத்தமானது. மிக அரிய திரிபுகளில் தவறுகிறது. பிரிட்டனின் பெரும் மருத்துவத் தரவுத் திட்டமான யுகே பயோபேங்க் பங்கேற்பாளர் சுமார் 50,000 பேரை வைத்து 2021இல் வெளியான ஆய்வில், சில்லு காட்டிய மிக அரிய திரிபுகளில் பெரும்பாலானவை மரபணுக்களை எழுத்தெழுத்தாகப் படிக்கும் வரிசைப்படுத்தலில் இல்லாமற்போயின. ஆகவே நோயாளி கொண்டுவரும் வீட்டு அறிக்கையில் பிஆர்சிஏ திரிபு என்று இருந்தால், சான்றுபெற்ற ஆய்வகத்தில் புதிய மாதிரியைக் கொடுத்து உறுதிசெய்யும்வரை மார்பகத்தையோ சூலகத்தையோ முன்கூட்டியே அகற்றும் அறுவைச் சிகிச்சையைப் பற்றிய பேச்சையே எடுக்கக் கூடாது. எதிர்மறை அறிக்கைக்கும் இதே எச்சரிக்கை உண்டு: 2018இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ஒரு வீட்டுச் சோதனை, ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிஆர்சிஏ திரிபுகளுள் அஷ்கனாசி யூதரிடையே பரவலான மூன்றை மட்டுமே தேடியது.

ஒப்புதல் பெறும் உரையாடல்

கையெழுத்து வாங்குவதற்கு முன் நோயாளியிடம் நான்கு செய்திகள் சொல்லப்பட்டிருக்க வேண்டும்: எதைத் தேடுகிறோம்; தேடாத ஒன்று தற்செயலாகக் கிடைக்கலாம், அதை அவர் அறிய விரும்புகிறாரா; முடிவு உறவினரையும் தொடக்கூடியது, சில வேளைகளில் பெற்றோர் யார் என்ற எதிர்பாராத உண்மையையும் வெளிக்கொணரலாம்; காப்பீட்டில் என்ன விளைவு. கடைசியானது நாட்டுக்கு நாடு மாறும். அமெரிக்காவின் 2008ஆம் ஆண்டுச் சட்டம் வேலைவாய்ப்பிலும் மருத்துவக் காப்பீட்டிலும் மரபணுப் பாகுபாட்டைத் தடுக்கிறது. ஆயுள் காப்பீட்டுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. தம் நாட்டின் விதியைத் தெரிந்துகொள்ளாமல் 'ஒன்றும் ஆகாது' என்று மருத்துவர் சொல்லிவிடக் கூடாது. வயது வந்த பின் வரக்கூடிய, சிறுவயதில் தடுக்க ஏதுமில்லாத நோய்களுக்குக் குழந்தைகளைச் சோதிப்பதைத் தள்ளிவைக்க வேண்டும். அது அந்தக் குழந்தை வளர்ந்து தானே எடுக்க வேண்டிய முடிவு.

அறிக்கையைப் படிப்பது

ஒற்றை மரபணு நோய்களில் திரிபுகள் 2015ஆம் ஆண்டு முதல் ஐந்து படிகளாக வகைப்படுத்தப்படுகின்றன: நோய் உண்டாக்குவது, அநேகமாக நோய் உண்டாக்குவது, பொருள் தெளியாதது, அநேகமாகத் தீங்கற்றது, தீங்கற்றது. முதல் இரண்டின் மீது மட்டுமே நடவடிக்கை எடுக்கலாம். நடுவில் உள்ள 'பொருள் தெளியாதது' என்பதுதான் நடைமுறையில் அதிகத் தீங்கு செய்கிறது, ஏனெனில் அச்சிட்ட தாளில் ஒரு மரபணுவின் பெயரைக் கண்டதும் நோயாளியும் சில மருத்துவரும் அதை நோயாகவே எடுத்துக்கொள்கிறார்கள். பின்னாளில் மறுவகைப்படுத்தப்படும்போது இவற்றில் பெரும்பான்மை தீங்கற்றதாகவே முடிகிறது. அதனை வைத்து அறுவையோ மருந்தோ உறவினர் சோதனையோ கூடாது; குடும்ப வரலாறு என்ன சொல்கிறதோ அதன்படியே கண்காணிப்பைத் தொடர வேண்டும்.

பல்லாயிரம் சிறு திரிபுகளைக் கூட்டி மாரடைப்பு, நீரிழிவு போன்றவற்றுக்கு ஒரே எண்ணாகத் தரும் பல்மரபணு ஆபத்து மதிப்பெண்ணை நான் இன்னும் துணைச் செய்தியாக மட்டுமே எடுத்துக்கொள்கிறேன். அவற்றை உருவாக்கிய தரவுகளில் பெரும்பகுதி ஐரோப்பிய வம்சாவளியினருடையது. பிறரிடம் அவற்றின் துல்லியம் குறைகிறது. இரத்த அழுத்தம், புகைப்பழக்கம், கொலஸ்ட்ரால் ஆகியவற்றை வைத்துக் கணக்கிட்ட ஆபத்து நடுத்தரமாக நின்று, ஸ்டேட்டின் தொடங்குவதா என்று நோயாளியே தயங்கும் இடத்தில் மட்டும் அது தராசைச் சாய்க்க உதவலாம். குறைந்த மதிப்பெண் வந்தது என்று புகைப்பதைத் தொடர்ந்தவரைத் திருத்துவது பெரும்பாடு.

மற்ற ஓமிக்ஸ்களில் முதல்நிலை மருத்துவத்தில் நிலைபெற்றவை சிலவே. பிறந்த குழந்தையின் குதிகாலில் எடுத்த இரத்தத் துளியை மூலக்கூறுகளை நிறையால் பிரித்தறியும் நிறை நிறமாலைக் கருவியில் வைத்துப் பல வளர்சிதை மாற்றக் கோளாறுகளை ஒரே நேரத்தில் தேடுவது அவற்றுள் மூத்தது. கர்ப்பத்தின் 10ஆவது வாரம் முதல் தாயின் இரத்தத்தில் மிதக்கும் டிஎன்ஏ துணுக்குகளைப் பார்த்துக் கருவின் குரோமோசோம் கோளாறுகளைத் தேடுவது இன்னொன்று. அது சல்லடைச் சோதனையே என்பதால், நேர்மறையை பனிக்குட நீர்ச் சோதனை போன்றவற்றால் உறுதிசெய்யாமல் எந்த முடிவும் எடுக்கலாகாது. மலத்தில் டிஎன்ஏ மாற்றங்களையும் இரத்தத்தையும் சேர்த்துத் தேடும் பெருங்குடல் புற்றுநோய்ச் சோதனை சராசரி ஆபத்துள்ளவருக்கு மட்டும் உரியது. நேர்மறையானால் அகநோக்கிச் சோதனை கட்டாயம். குடல் நுண்ணுயிர்த் தொகுதியை அளந்து உணவுப் பட்டியல் தரும் அறிக்கைகளையும், உடலின் 'உண்மையான வயதை'ச் சொல்லும் சோதனைகளையும் வைத்துச் சிகிச்சையை மாற்ற இன்றைக்கு ஆதாரம் இல்லை. கொண்டுவருபவரை அவமதிக்காமல், அவர் எதற்கு அஞ்சி அதைச் செய்தார் என்று கேட்பது அந்தத் தாளைவிடப் பயன்தரும்.

பதிவும் பின்தொடர்தலும்

நல்ல முடிவுகள் வீணாவது பெரும்பாலும் இங்கேதான். ஸ்கேன் செய்த பக்கமாகக் கோப்பின் அடியில் கிடக்கும் மருந்து மரபியல் அறிக்கை, நான்கு ஆண்டு கழித்து நள்ளிரவில் வலிமருந்து எழுதும் வேறொரு மருத்துவரின் கண்ணில் படாது. மருந்து ஒவ்வாமையைப் பதியும் அதே இடத்தில், மரபணு, வடிவம், அதன் பொருள், தவிர்க்க அல்லது குறைக்க வேண்டிய மருந்துகள், ஆய்வகம், தேதி ஆகியவற்றை எழுத்தாக உள்ளிட வேண்டும்; கணினியில் மருந்தெழுதும் மருத்துவமனையாக இருந்தால், அந்த மருந்தைத் தேர்ந்தெடுத்ததும் எச்சரிக்கை எழும்படி அமைக்க வேண்டும். எச்சரிக்கைகளை அளவோடு வைப்பது அவசியம். எதற்கெடுத்தாலும் எழும் எச்சரிக்கையை எல்லோரும் படிக்காமலே மூடிவிடுவார்கள். நோயாளியின் பணப்பையில் வைக்கும் அளவில் ஓர் அட்டையையும், பதிவின் நகலையும் கொடுத்து, மருந்துக் கடையிலும் பல் மருத்துவரிடமும் காட்டச் சொல்ல வேண்டும். சில புற்றுநோய் மருந்துகளைச் சிதைக்கும் நொதிக்குரிய டிபிஒய்டி மரபணு போன்றவற்றின் முடிவு நாம் எழுதாத புற்றுநோய் மருந்துக்கானதாக இருந்தாலும், நோயாளியை அனுப்பும் கடிதத்தில் அது இடம்பெற வேண்டும்.

உறவினருக்குச் செய்தி சேர்ப்பது நோயாளியின் பொறுப்பாகவே பெரும்பாலும் விடப்படுகிறது, ஆனால் அவர் தம் தம்பியிடம் எதைச் சொல்வது என்று அறியாமல் சொல்லாமலே இருந்துவிடுவார். திரிபின் பெயரும், யார் யார் சோதிக்க வேண்டும் என்பதும், எந்த வகை மருத்துவரிடம் போக வேண்டும் என்பதும் அடங்கிய ஒரு பக்கக் கடிதத்தை, நோயாளியின் பெயரைத் தேவைக்கு மேல் வெளிப்படுத்தாமல், அவரிடமே கொடுத்தனுப்பலாம். குடும்பத்தில் பலருக்குப் புற்றுநோய், முடிவுக்கும் குடும்ப வரலாற்றுக்கும் பொருத்தமின்மை, கர்ப்பத் திட்டமிடல், நோயாளியின் மிகுந்த மனக்கலக்கம் ஆகியவற்றுள் எது இருந்தாலும் மரபியல் ஆலோசகரிடம் அனுப்ப வேண்டும். இவற்றைத் தாமே முடிக்க முயல்வது முதல்நிலை மருத்துவருக்கு நேரமும் இல்லாத, பயிற்சியும் இல்லாத வேலை.

பொருள் தெளியாத திரிபு உள்ளவர்களின் பட்டியல் ஒன்றைத் தனியே வைத்து, வகைப்பாடு மாறியிருக்கிறதா என்று ஆய்வகத்திடம் ஓரிரு ஆண்டுக்கு ஒருமுறை கேட்க வேண்டும். மாறினால் யார், எந்த எண்ணுக்கு அழைத்துச் சொல்வது என்பதை ஒப்புதல் படிவத்திலேயே நிரப்பி வைக்க வேண்டும். குடும்ப வரைபடத்துக்கும் அதே கால இடைவெளி போதும், ஏனெனில் இடையில் ஒரு சித்திக்கோ அண்ணனுக்கோ புதிதாக நோய் கண்டறியப்பட்டிருந்தால், முன்பு தேவையில்லை என்று விட்ட பரிசோதனை இப்போது தேவைப்படலாம்.